அதே ஜன்னல், அதே சிலேட்டு

திருச்சி காட்டூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், வடக்கு ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி, சிவப்புத் தரையில் ஐந்து புள்ளிகள் இருக்கின்றன. என் மகளின் நெயில் பாலிஷால் நான் வைத்தவை. நான்கு புள்ளிகள் பாயின் நான்கு மூலைகளுக்கு. ஐந்தாவது என் முக்காலிக்கு. 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை, ஒரு மாதம் தவிர, ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி, காலை ஒன்பது மணிக்குப் பாய் அந்தப் புள்ளிகளில் விரியும். அதன்மேல் ஒரு வெள்ளை நாலு முழ வேட்டி. வேட்டியின்மேல் பேத்தி. அவளுக்குப் பக்கத்தில் மாதத்தின் எண் எழுதிய சிலேட்டு.

எங்கள் தெருவில் இப்போது கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் மாதம் ஒரு படம் எடுக்காத வீடு குறைவு. கைலாஷ் நகரிலிருந்தும் ஆயில் மில் பக்கமிருந்தும் நாலைந்து இளம் தாய்மார்கள் என்னிடம் வந்து, "அங்கிள், உங்க படத்துல மட்டும் பாப்பா வளர்றது அப்படியே தெரியுதே, எப்படி?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் புகைப்படக்காரன் இல்லை. 1982-லிருந்து 38 வருஷம் திருச்சி பெல் கம்பெனியின் கொதிகலன் ஆலையில், வெல்டிங் இணைப்புகளைக் கதிர்வீச்சால் படம் பிடித்துச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். அனல்மின் நிலையக் கொதிகலனின் குழாய்க்குள் ஓடும் நீராவியின் அழுத்தம் சாதாரணமானதல்ல. இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஒருநாள் அது பிளக்கும். அதனால் குழாயின் ஒரு பக்கம் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து, மறுபக்கம் பிலிமை வைத்துப் படமெடுப்போம். பிலிமைக் கழுவி, விளக்குப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தால் உலோகத்துக்குள் இருக்கும் காற்றுக் குமிழியும் கசடும் விரிசலும் நிழலாகத் தெரியும்.

அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது ஒன்று. ஒவ்வொரு பிலிமிலும் ஈயத்தால் செய்த எண்கள் பதிந்திருக்க வேண்டும்: எந்த வேலை, எந்த இணைப்பு, எந்த வெல்டர், எந்தத் தேதி. கூடவே பெனட்ராமீட்டர் என்று ஒன்றை வைப்போம். தடிமன் தெரிந்த மெல்லிய கம்பிகள் அதில் இருக்கும். அந்தக் கம்பி பிலிமில் தெரிந்தால்தான் படம் நம்பத்தக்கது. எண்ணும் கம்பியும் இல்லாத பிலிம் எத்தனை பளிச்சென்று இருந்தாலும் அதைப் படிக்க மாட்டோம், திரும்ப எடுக்கச் சொல்லிவிடுவோம். குழந்தையின் மாதப் படத்துக்கும் இதைத்தான் சொல்வேன். படத்தில் எல்லாமே மாதத்துக்கு மாதம் மாறினால், குழந்தை எவ்வளவு மாறியது என்பது தெரியாது. சிலவற்றை மாறாமல் வைக்க வேண்டும். இடம், தூரம், வெளிச்சம், துணி, பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள். இத்தனையும் அசையாமல் இருந்தால், பன்னிரண்டு படத்திலும் மாறுவது குழந்தை ஒன்றுதான்.

என் மகள் 1990-ல் பிறந்தாள். அப்போது என்னிடம் ஒரு பழைய ஆக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்தது. அந்தக் காலத்தில் பல நடுத்தர வீடுகளின் பீரோவுக்குள் இருந்த கறுப்புப் பெட்டிதான். 120 ரோல் போட்டால் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ரோல் ஒன்றை வாங்கிப் போட்டேன். ரோலில் பன்னிரண்டு படம், வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம். மாதம் ஒன்று எடுத்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கேமராவின் முதுகில் உள்ள சிவப்புச் சாளரத்தில் அடுத்த எண் வரும்வரை சுருளைத் திருகி வைத்துவிட்டு, அடுத்த மாதம்வரை பீரோவில் பூட்டிவிடுவேன்.

அந்தக் கேமராவில் பத்தடிக்குக் கிட்டே போனால் படம் மங்கிவிடும். அதனால் பிள்ளை சின்னதாகத்தான் விழுவாள். பெரிதாக்கிப் பார்த்தால் எந்த மாதம் என்று எப்படித் தெரியும்? வேலைப் பழக்கத்தில், என் பள்ளிக்கூடத்துச் சிலேட்டை எடுத்து எண் எழுதிப் பக்கத்தில் வைத்தேன். மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு. நீளம் பத்து அங்குலம்.

ஒரு வருஷம் முடிந்து ரோலைக் கழுவக் கொடுத்தபோது ஒன்பது படம்தான் தேறியது. திருச்சி வெயிலில் பீரோவுக்குள் கிடந்த பிலிமில் முதல் மூன்று மாதப் படங்கள் சாம்பல் பூத்துவிட்டன. வெப்பத்தில் பிலிம் கெடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆலையில் பிலிம் பெட்டிகளைக் குளிர்ந்த அறையில் வைப்பதே என் பொறுப்புதான். வீட்டில் விட்டுவிட்டேன். அந்த மூன்று மாதத்து என் மகளின் முகம் இனி எங்கும் கிடையாது. பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது எனக்கு அந்த மூன்று சாம்பல் சதுரங்கள்தான் நினைவுக்கு வந்தன.

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. திருச்சியில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். விமான நிலையத்தில் அழுது வழியனுப்பும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் ஒரு வருஷத்தில் இரண்டு முறைதான் குழந்தையைத் தூக்கினார். மாதப் படம் முதலில் அவருக்காகத்தான்.

என் அம்மாவுக்கு எண்பத்து நாலு வயசு. முதல் மாதம் பாய் விரித்ததும் தடுத்தார்.

"ஒரு வயசு முடியாம புள்ளையப் படம் புடிக்கக் கூடாதுடா. ஆயுசு கொறையும்."

1990-லும் இதையே சொன்னவர்தான். அவர் பெற்ற ஏழு பேரில் இரண்டு பேர் முதல் வருஷம் தாண்டவில்லை. பிறக்கும் பிள்ளைகளில் பல ஒரு வயசு காணாத காலத்தில், படம் எடுப்பது, பேர் சொல்லிக் கூப்பிடுவது, அழகு என்று புகழ்வது எல்லாமே பயமாகத்தான் இருந்திருக்கும். அவரோடு நான் வாதாடவில்லை. "பொட்டு வச்சிட்டு எடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். சம்மதித்தார். பேத்தியின் இடது கன்னத்தில் தன் கையாலேயே திருஷ்டிப் பொட்டு வைத்தார். பிறகு இங்கே படம் எடுத்த எல்லா மாதமும் அந்தப் பொட்டு அவர் வேலை. அந்தப் பொட்டு எங்களுக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வெளிச்சம்தான் முக்கால்வாசி வேலை. நேர் வெயில் குழந்தையின் கண்ணைக் கூசவைக்கும், முகத்தில் கறுப்பு நிழல் போடும். டியூப்லைட் மட்டும் போட்டால் தோலின் நிறம் வெளிறிப்போகும். ஜன்னல் வழியே பக்கவாட்டில் வரும் பகல் வெளிச்சம் போதும். விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் நிழல் பக்கமும் கொஞ்சம் தெளியும்.

எந்த ஜன்னல் என்பதற்கு நம் ஊரில் ஒரு கணக்கு உண்டு. திருச்சி, நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 10.8 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும், நிழல் காலடியிலேயே விழும். அந்த இரண்டு நாளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மற்ற எட்டு மாதமும் தெற்கே. ஆகவே ஆவணி முடிவிலிருந்து பங்குனி முடியும்வரை வடக்கு ஜன்னலில் நேர் வெயில் பெரும்பாலும் நுழையாது, நாள் முழுக்க ஏறக்குறைய சீரான வெளிச்சம். கோடையில் மட்டும் காலை, மாலை வேளையில் சாய்ந்து எட்டிப் பார்க்கும். அந்த மூன்று நான்கு மாதத்துக்கு ஜன்னலில் ஒரு பழைய வேட்டியைக் கட்டிவிட்டேன். தெற்கு ஜன்னல் உள்ள வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது தூரம். செல்போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். போனின் சாதாரண லென்ஸ் அகன்ற கோணத்தில் பார்ப்பது. ஒரு அடிக்குள் போனால் மூக்கும் நெற்றியும் பெருத்து, உடம்பு சிறுத்துத் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கும் 2x-ஐத் தொட்டு எடுங்கள். குழந்தைக்கு நேர் மேலே போனைப் பிடிக்கவே கூடாது. கை வழுக்கினால் இருநூறு கிராம் கண்ணாடியும் உலோகமும் பச்சைப் பிள்ளை முகத்தில் விழும். நான் கால்மாட்டில் முக்காலி போட்டு, சாய்வாகத்தான் எடுக்கிறேன். முக்காலியின் இடத்தில்தான் ஐந்தாவது புள்ளி.

ஃபிளாஷ் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கதிர்வீச்சோடு வாழ்ந்தவன் என்பதால் என்னிடம் பயந்துகொண்டே கேட்பார்கள். அது வெறும் வெளிச்சம். நாங்கள் ஆலையில் கையாண்ட கதிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எட்ட இருந்து போடும் ஃபிளாஷ் குழந்தையின் பார்வையைக் கெடுக்காது. ஆனால் திடுக்கிடவைக்கும், படமும் தட்டையாகிவிடும். அதனால் நான் போடுவதில்லை. ஒன்று மட்டும் எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும். உறவினர் யாராவது ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாகத் தெரிந்தால் பயமில்லை, விழித்திரையின் ரத்த நாளங்கள்தான் அப்படித் தெரிகின்றன. ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் தெரிந்தால், அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட படத்தில் அப்படி இருந்தால், நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் போங்கள். கோணத்தால் சும்மாவும் அப்படித் தெரியலாம். கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவக் கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் பல நேரம் பார்வையையும் காப்பாற்ற முடிகிறது. பெற்றோர் முதலில் அதைக் கவனிப்பது பல சமயம் ஒரு போட்டோவில்தான்.

எங்கள் வீட்டிலும் படம் ஒன்றைக் காட்டியது. 2023 நவம்பர் 14, மூன்றாம் மாதம். தீபாவளி முடிந்து இரண்டு நாள். ஐப்பசி மூட்டத்தில் ஜன்னல் வெளிச்சம் மங்கல்தான், ஆனாலும் படம் நன்றாக வந்தது. அன்று சாயங்காலம் மூன்று மாதப் படங்களையும் பிரிண்ட் போட்டு வந்து மேஜையில் வரிசையாக வைத்தேன். ஆலையில் ஒரே இணைப்பின் பிலிம்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் பழக்கம். பார்த்ததும் மனசில் ஏதோ நெருடியது. என்ன என்று பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது: பொட்டு. இடது கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு மூன்று படத்திலும் முழு வட்டமாக, கேமராவைப் பார்த்தபடி இருந்தது. அதாவது மூன்று மாதமும் முகம் வலப்பக்கமே திரும்பியிருக்கிறது. தலை லேசாக இடது தோள்பக்கம் சாய்ந்திருக்கிறது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஜன்னல் அந்தப் பக்கம்தானேப்பா இருக்கு. வெளிச்சத்தைப் பாக்குறா."

அவள் சொன்னது நியாயம். குழந்தைகள் வெளிச்சத்தின் பக்கம் திரும்பும். கிழக்கே தலைவைத்து மல்லாந்து படுத்தால் வடக்கு ஜன்னல் அவளுடைய வலக்கைப் பக்கம்தான் வரும். ஆனால் ஒரு நிழலுக்கு இரண்டு காரணம் இருக்க முடியும் என்றால், ஒரு காரணத்தை மாற்றிவைத்து மறுபடி படம் எடுக்க வேண்டும். மறுநாள் காலை தலையை மேற்கே வைத்துப் படுக்கவைத்தோம். இப்போது ஜன்னல் அவளுக்கு இடப்பக்கம். கால்மணி நேரத்தில் ஆறு படம் எடுத்தேன். ஆறிலும் அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டி, இருட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே குழந்தை மருத்துவரிடம் போனோம். படங்களையும் கொண்டுபோனேன். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடப்பக்கக் கழுத்துத் தசை இறுகியிருக்கிறது என்றார். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு வரும் தசை அது. ஒரு பக்கம் இறுகினால் தலை அந்தப் பக்கம் சாயும், முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். கருவில் இருந்த நிலையாலோ பிரசவத்தின்போதோ சில குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டாம். அப்படியே விட்டால் ஒரே பக்கம் படுத்துப் படுத்துப் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகும். எங்கள் பேத்திக்கு வலப்பக்கம் லேசாகத் தட்டையாக ஆரம்பித்திருந்தது. சீக்கிரமே வந்துவிட்டதால் பயிற்சியிலேயே சரியாகிவிடும் என்று சொல்லி, இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மா என் மகளுக்கு எப்படிப் பிடித்துத் திருப்புவது என்று கற்றுக்கொடுத்தார். கழுத்தை நீங்களாக இழுத்து நீவிவிடாதீர்கள், பாட்டி கைவைத்தியமும் வேண்டாம், கற்றவர் காட்டியபடிதான் செய்ய வேண்டும் என்று பலமுறை சொன்னார். கிலுகிலுப்பையை இனி இடப்பக்கமே ஆட்டச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு நாளில் பலமுறை குப்புறப் போட வேண்டும். தூங்கவைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

நாலாம் மாதப் படத்தில் பொட்டு கொஞ்சம் பக்கவாட்டில் போனது. ஐந்தாம் மாதம் இன்னும் கொஞ்சம். ஏழாம் மாதம் நேராகப் பார்த்தாள். அந்தப் படங்களை மருத்துவர் தன் போனிலும் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் மாதப் படத்தை நான் முதல்முறையாகக் குப்புறப் போட்டு எடுத்தேன். கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி, ஒரு காலை மடக்கி, முகத்தை அசைத்து அசைத்துப் பார்த்தாள். என் மனைவி தமிழ் படித்தவள். "இது செங்கீரைங்க" என்றாள். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை நமக்கு உண்டு. கடவுளையோ அரசனையோ குழந்தையாக வைத்து, வளரும் பருவங்களைப் பத்தாகப் பிரித்துப் பாடுவது. பெரியாழ்வார் கண்ணனைப் பாடியதில் அதன் வித்து இருக்கிறது. ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடியது தனி நூலாகக் கிடைக்கும் பழைய பிள்ளைத்தமிழ். நம் திருச்சியில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவானைக்காவல் அகிலாண்டநாயகிக்கு ஒன்று பாடியிருக்கிறார். அந்த வகையில் செங்கீரை ஐந்தாம் மாதத்துக்கு உரியது. கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவதுதான் செங்கீரை ஆடுவது. ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி, கைகொட்டுவது. ஒரு வயதை ஒட்டி வாரானை, தளர்நடை போட்டு வா என்று அழைப்பது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று விளங்கியது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் எடுத்த பழைய குழந்தைப் படங்களை நினைத்துப் பாருங்கள். அரைஞாணும் கால் கொலுசும் மட்டும் போட்டு, மேஜைமேல் குப்புறக் கிடந்து, தலையைத் தூக்கி, சிரித்தும் சிரிக்காமலும் பார்க்கும் அந்தப் படம். அநேகமாக எல்லாத் தமிழ் வீட்டுச் சுவரிலும் ஒன்று தொங்கியது. குழந்தை குப்புற விழுந்ததும் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போவது வழக்கம். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாமலே அந்த போட்டோக்காரர்கள் செங்கீரைப் பருவத்தைத்தான் படம் பிடித்திருக்கிறார்கள். மருத்துவர் நமக்குச் செய்யச் சொன்ன பயிற்சியும் அதே கோலம்தான்.

மகளுக்கு என் வெள்ளை வேட்டிப் படம் மட்டும் போதவில்லை. மாதம் ஒரு அலங்காரம் வேண்டும் என்றாள். எனக்கும் அது பிடித்திருந்தது. என் படம் முடிந்ததும் அவள் படம். இரண்டாம் மாதம் அம்மாவின் பழைய பட்டுப் புடவையை மயில் போல மடித்து நடுவில் படுக்கவைத்தாள். எட்டாம் மாதம் 2024 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். மாவிலைத் தோரணமும் மாம்பழமும் வைத்தாள். ஐந்தாம் மாதம் போகி அன்று வந்தது. முதல்நாளே வாங்கிய கரும்பை இருபுறமும் சாய்த்து, பச்சைப்பயறால் தரையில் பெரிய 5 போட்டாள். நாங்கள் கரும்பைச் சரிசெய்த நேரத்தில் பேத்தியின் கை பயறுக்குள் போய், வாய்க்குப் போய்விட்டது. மகள் விரலை விட்டு இரண்டு பயறை எடுத்தாள். மூன்றாவது நாக்கின் அடியில் இருந்தது.

அன்றிலிருந்து தானியம், பருப்பு, வேர்க்கடலை, மணி, பாசி எதுவும் எங்கள் வீட்டுப் படத்தில் கிடையாது. பருப்பும் கடலையும் மூச்சுக்குழாய்க்குள் போனால் ஈரத்தில் ஊறிப் பெருக்கும். எடுப்பது ஆபத்தான வேலை. சின்ன விளக்குச் சரங்களில் இருக்கும் பொத்தான் பேட்டரி அதைவிட மோசம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். காய்கறி வைக்க வேண்டுமா, பூசணிக்காய் வையுங்கள், முருங்கைக்காய் வையுங்கள். குழந்தையின் கைக்குள் அடங்காத எதுவும் சரி. இன்னொன்று, பிறந்த குழந்தை தன் இரு கைகளில் தாடையை ஊன்றித் தூங்குவது போலப் படங்கள் வருகின்றன. அவை இரண்டு படத்தை ஒட்டியவை. ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கையைப் பிடித்திருப்பார். கைகளை அழித்துச் சேர்த்துவிடுவார்கள். அதை வீட்டில் முயலாதீர்கள். பச்சிளம் கழுத்து அந்தப் பாரத்தைத் தாங்காது.

ஆறாம் மாதம் பேத்தி இங்கே இல்லை. பொங்கல் முடிந்து மணப்பாறையிலிருந்து சம்பந்தி வீட்டார் சீரோடு வந்து, மகளையும் குழந்தையையும் அழைத்துப் போனார்கள். நான் சிலேட்டையும் வேட்டியையும் செய்தித்தாளில் சுற்றி, பெட்டியின் மேலேயே வைத்து அனுப்பினேன். பிப்ரவரி 14-ஆம் தேதி சம்பந்தி என்னைப் போனில் கூப்பிட்டார்.

"சம்பந்தி, எங்க வீட்டுல வடக்கு ஜன்னல் இல்லீங்களே. தாழ்வாரத்துல வச்சு எடுக்கட்டுங்களா?"

எடுங்கள் என்றேன். அந்தப் படத்தில் ஓட்டுத் தாழ்வாரத்துத் தூண் இருக்கிறது, ஓரத்தில் ஒரு ஆட்டுக்குட்டியின் வால் இருக்கிறது. வெளிச்சம் வேறு, தரை வேறு. ஆனால் சிலேட்டு அதே சிலேட்டு என்பதால் அளவு மட்டும் தப்பவில்லை. வரிசையில் அது அழகாகப் பொருந்தியிருக்கிறது.

சிலேட்டால்தான் உயரத்தைப் படத்திலேயே பார்க்க முடிகிறது. ஒன்றாம் மாதம் பேத்தி இரண்டு சிலேட்டு நீளம். பன்னிரண்டாம் மாதம் மூன்று சிலேட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் தேதி, எடை, உயரம் மூன்றையும் எழுதுகிறேன். பிறந்தபோது 2.8 கிலோ, மூன்றாம் மாதம் 5.3, ஆறாம் மாதம் 6.8, ஒரு வயதில் 8.3. தாய் சேய் நல அட்டையில் பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு, ஆண் குழந்தைக்கு நீலம் என்று வளர்ச்சிக் கோடுகள் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகள் அவை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஏறக்குறைய 8,500 குழந்தைகளை அளந்து வரைந்தவை. நம் பிள்ளை அந்தக் கோட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைவிட, மாதாமாதம் கோட்டோடு சேர்ந்து ஏறுகிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். மாதம் ஒருமுறை என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஊர் ஊராகக் குழந்தைகளை மாதாமாதம் தராசில் தூக்கி, அட்டையில் புள்ளி வைத்தார்கள். இன்றும் அங்கன்வாடியில் நடக்கிறது.

இப்படித் தன் பிள்ளையை அளந்த முதல் தகப்பன் என்று பிரான்ஸில் ஒருவரைச் சொல்வார்கள். மோன்பெயார் என்ற பிரபு. 1759-ல் பிறந்த மகனின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பதினெட்டு வயதுவரை குறித்தார். அவர் நண்பர் புஃபோன் என்ற அறிஞர் அதை அச்சிட்டார். ஒரே பிள்ளையின் வளர்ச்சியைத் தொடர்ந்து குறித்த முதல் பதிவு என்று இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஒரே ஆள், ஒரே பிள்ளை, ஒரே அளவுகோல், பதினெட்டு வருஷம். எனக்கு அவரை நினைத்தால் மரியாதை வருகிறது.

படத்தைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள். போன் தொலையும், உடையும், நினைவகம் நிரம்பும். மாதம் ஒரு படமாவது ஸ்டூடியோவில் 4க்கு 6 அளவில் பிரிண்ட் போடுங்கள். பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனாவின் மை மறுபக்கம் ஊறும், அழுத்தினால் முகத்தில் கோடு விழும். பசை தடவிய தாளில் ஒட்டும் ஆல்பம் வேண்டாம், பத்து வருஷத்தில் படம் மஞ்சளாகி உரிக்கவே வராது. நான் அமிலமில்லாத காகித உறைகளில் போட்டு, தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒரு செட் மணப்பாறையில், ஒரு செட் சிங்கப்பூரில். குளிப்பாட்டும் படத்தையும் துணியில்லாத படத்தையும் இணையத்தில் போடவே போடாதீர்கள். சுவரில் தொங்கிய காலத்தில் அதைப் பார்த்தவர்கள் நம் வீட்டு வாசல் ஏறி வந்தவர்கள். பிறந்த தேதியும் வீட்டு விலாசமும் தெரியும்படி எதையும் போடாதீர்கள். அவள் பெரியவளான பிறகு அந்தப் படங்கள் அவளுடையவை.

2024 ஆகஸ்ட் 14. பன்னிரண்டாம் மாதம். மாப்பிள்ளை வந்திருந்தார். முக்காலிக்குப் பின்னால் நின்று கைதட்டி அழைத்தார். ஜன்னலில் வேட்டி கட்டியிருந்தது. அம்மா நடுங்கும் விரலால் பொட்டு வைத்தார். 12 எழுதிய சிலேட்டைப் பக்கத்தில் வைத்ததும் பேத்தி அதைத் தூக்கி, உள்ளங்கையால் 2-ஐ அழித்துவிட்டாள். மறுபடி எழுதினேன். உட்கார மாட்டேன் என்றாள். எழுந்து நின்றாள். நான் போனைத் தொட்ட நொடியில் சிலேட்டைத் தாண்டி, வேட்டியின் ஓரத்தை மிதித்து, அப்பாவை நோக்கி மூன்று அடி வைத்தாள்.

படத்தில் அவள் கைகள் இரண்டு கோடுகளாக இழுபட்டிருக்கின்றன. பொட்டு ஒரு கறுப்புத் தீற்றலாகிவிட்டது. ஆலையில் இப்படி அசைந்த பிலிம் வந்தால் சிவப்பு மையில் 'மறுபடி எடு' என்று எழுதுவோம். நான் திரும்ப எடுக்கவில்லை. பின்னால் பென்சிலால் 8.3 கிலோ, 73 செ.மீ., மூன்று அடி என்று எழுதி, 1990-ன் ஒன்பது சதுரப் படங்கள் இருந்த அதே டப்பாவில் வைத்தேன்.